ஒன்றியமும் பேரரசும் ஒன்றா? கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பதில்

"பல நாடுகள் சேர்ந்து ஒன்றியமாவதும் ஒரு பேரரசு விரிவதும் கடைசியில் ஒன்றுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஊர் கிருஷ்ணகிரி. மொட்டை மாடியில் ஏறினால் கோட்டை மலை தெரியும், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1791 நவம்பரில் கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, திப்பு சுல்தானிடம் இருந்த இந்த மலைக்கோட்டையைப் பிடிக்கப் பார்த்து முடியாமல் திரும்பியது. அடுத்த மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு சுல்தான் பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் தர வேண்டியதாயிற்று. பிணையாக இரண்டு மகன்கள் வேறு. அந்தப் பாதியில் எங்கள் வட்டாரமான பாராமகாலும் கும்பினிக்குப் போனது. சண்டையில் கிடைக்காத மலை காகிதத்தில் கிடைத்தது. பின்னாலேயே கும்பினி அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போட வந்துவிட்டார்கள். கைமாறிய ஊர்க்காரர் ஒருவர்கூட அந்தப் பேச்சுவார்த்தையில் இல்லை. பேரரசு விரிவது இப்படித்தான்.

ஒன்றியத்தில், சேரப்போகிறவரும் பேரம் பேச உட்கார்ந்திருப்பார். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். 1971இல் பிரிட்டன் வளைகுடாவை விட்டுக் கிளம்பியபோது பஹ்ரைனும் கத்தாரும் பேசிப் பார்த்துவிட்டுத் தனியே போய்விட்டன. டிசம்பர் 2 அன்று ஆறு அமீரகங்கள் சேர்ந்து ஐக்கிய அரபு அமீரகம் ஆயின. ஏழாவதான ராஸ் அல் கைமா யோசித்து, 1972 பிப்ரவரியில்தான் வந்தது. என் சித்தப்பா மகனுக்கு அங்கேதான் வேலை. ஆனாலும் அவனுக்குத் தேசிய தின லீவு டிசம்பர் 2தான், அந்த ஊரே இல்லாமல் பிறந்த ஒன்றியத்துக்கு! எண்ணெய் அந்தந்த அமீரகத்துக்கே சொந்தம் என்று எழுதிக்கொண்டார்கள். முக்கிய முடிவுக்கு ஏழில் ஐந்து ஆட்சியாளர்கள் ஒப்ப வேண்டும், அந்த ஐந்தில் அபுதாபியும் துபாயும் இருந்தாக வேண்டும். எல்லோரும் சமம் என்றெல்லாம் இல்லை. குடிமக்களையும் கேட்கவில்லை, ஷேக்குகளே பேசி முடித்தார்கள்.

அந்த விஷயத்தில் ஐரோப்பாவும் யோக்கியமில்லை. 1707இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைந்தபோது எடின்பரோ தெருக்களில் கலவரம். பனாமா பக்கம் குடியேற்றம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட நஷ்டம் அவர்கள் கழுத்தை நெரித்தது. அப்படியும் தங்கள் சட்டத்தையும் திருச்சபையையும் விட்டுக்கொடுக்காமல்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

அப்புறம், வெளியேறும் வழி. 1905இல் ஸ்வீடனோடு இருந்த இணைப்பை முறித்தது சரிதானா என்று நார்வே மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். சரி என்றவர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல், இல்லை என்றவர்கள் 184 பேர். கொஞ்சம் முறைத்துக்கொண்டாலும், ஸ்வீடன் போர் தொடுக்காமல் பேசி முடித்துப் போகவிட்டது.