கூண்டிலிருந்து வெள்ளைச் சுறா: வேலூர் வட்டார வாசகர்களின் கேள்விகள்

தோல் வணிகத்திற்காக ஜூலையில் கேப்டவுன் செல்கிறேன். ஒரு நாள் ஒதுக்கினால் வெள்ளைச் சுறாவைக் கூண்டிலிருந்து பார்த்துவிடலாமா? (ஆம்பூர்)

படகோடு கட்டிய கம்பிக் கூண்டில் கடலில் இறங்கலாம், வெள்ளைச் சுறா வருமா என்பதுதான் சந்தேகம். கேப்டவுனிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் உள்ள கான்ஸ்பாய் ஒரு காலத்தில் இதற்கென்றே பெயர் பெற்றிருந்தது. ஆனால் 2017இல் இரண்டு ஓர்காக்கள் (கொலைத் திமிங்கலங்கள்) அங்குள்ள வெள்ளைச் சுறாக்களைக் கொன்று ஈரலைத் தின்னத் தொடங்கிய பின், அவற்றின் வரவு வெகுவாகக் குறைந்துவிட்டது. இப்போது கூண்டருகே பெரும்பாலும் வருவது வெண்கலச் சுறா. அதுவும் காணத்தக்கதுதான் என்றாலும், விளம்பரப் படத்தில் வாய் பிளந்து நிற்பது அதுவன்று. ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன், கடந்த இரண்டு வாரங்களில் எந்தச் சுறா எத்தனை நாள் வந்தது என்று படகு நிறுவனத்தாரிடம் கேளுங்கள். மழுப்பினால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள். வெள்ளைச் சுறாவே வேண்டுமென்றால், தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனிலிருந்து செல்லும் நெப்டியூன் தீவுகளுக்காகப் பணம் சேர்ப்பதே என் பரிந்துரை. மெக்சிகோவின் குவாடலூப் தீவில் இச்சுற்றுலாவை 2023இல் தடை செய்துவிட்டார்கள்.

நீச்சல் தெரியாதவர் இறங்கலாமா? (குடியாத்தம்)

கான்ஸ்பாயில் இறங்கலாம். பாலாற்றில் மணலையே பார்த்து வளர்ந்த நம்மில் பலருக்கும் இதே கவலை உண்டு. கூண்டு படகின் பக்கவாட்டில் கட்டப்பட்டிருக்கும். அதன் மேற்பகுதி நீர்மட்டத்திற்கு மேலேயே நிற்கும். மூச்சுக்கான காற்று உருளையும் கிடையாது. படகோட்டி குரல் கொடுத்ததும் மூச்சை அடக்கி, உள்பக்கக் கைப்பிடியைப் பற்றிச் சில நொடிகள் தலையை அமிழ்த்த வேண்டும். வெளிக்கம்பியில் மட்டும் விரல் வைக்காதீர்கள்.

குளிரும் குமட்டலும் எப்படியிருக்கும்? (காட்பாடி)

வேலூர் வெயிலுக்குப் பழகிய உடம்பு, பல நாட்களில் 15 டிகிரியைத் தாண்டாத அந்த நீரில் நடுங்கத்தான் செய்யும். தடித்த ரப்பர் உடையைப் படகிலேயே தருவார்கள். அதைவிடத் தொல்லை தருவது, நங்கூரமிட்ட படகின் ஆட்டமும் சுறாவை ஈர்க்கக் கடலில் ஊற்றும் மீன் கலவையின் நாற்றமும்தான். மருத்துவரைக் கேட்டு, குமட்டல் மாத்திரையைப் படகேறுவதற்கு முன்பே விழுங்குங்கள். வாந்தி தொடங்கிய பின் அதனால் பெரிய பயனில்லை.

இரை காட்டுவது சுறாவை மனிதர்மீது ஏவுவதாகாதா? (ராணிப்பேட்டை)

அப்படி ஆவதற்குத் தெளிவான சான்று இல்லை. ஆனால் நெப்டியூன் தீவுகளில் படகுகள் பெருகியபோது சுறாக்கள் அங்கே கூடுதல் நாள் தங்கியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். அங்கு படகுகளுக்கும் நாட்களுக்கும் வரம்பு உண்டு. கயிற்றில் கட்டிய இரையைச் சுறா கவ்வுவதற்குள் இழுத்துவிடுவதே முறை. வேண்டுமென்றே தின்னக் கொடுக்கும் படகைத் தவிர்த்துவிடுங்கள்.