அரை கப் மைதா போதுமா? குக்கி பை பத்தி உங்க கேள்விகள்

போன இதழ்ல கிறிஸ்துமஸுக்கு என்ன பேக் பண்ணப் போறீங்கன்னு கேட்டிருந்தேன். கேக்கை விட குக்கி ருசியில பை (pie, அதாவது க்ரஸ்ட்ங்கிற ஓட்டுக்குள்ள இனிப்புக் கலவையை வெச்சு பண்றது) பண்ணப் போறவங்கதான் நிறைய பேர் எழுதியிருக்கீங்க, அதுவும் வீட்ல ரொம்ப நாளா வெச்சிருக்கிற சமையல் புத்தகத்தைப் பார்த்து. ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி: அக்கா, எங்கம்மா காலத்துல இருந்து வீட்ல ஒரு பேக்கிங் புத்தகம் இருக்கு. அதுல செஞ்ச எதுவும் இதுவரைக்கும் சொதப்பினதில்ல. இந்தத் தடவை அதுல இருக்கிற சாக்லேட் சிப் குக்கி பை பண்ணலாம்னு எடுத்தேன். 9 இன்ச் பைக்கு 2 முட்டை, முக்கால் கப் வெண்ணெய், வெள்ளை சர்க்கரை அரை கப், பிரவுன் சுகர் அரை கப், சாக்லேட் சிப்ஸ் 1 கப், வால்நட் 1 கப், மைதா மட்டும் வெறும் அரை கப்னு போட்டிருக்கு. ஆனா அதே புத்தகத்துல குக்கிக்கு ரெண்டேகால் கப் மைதா! அச்சுப்பிழையா இருக்குமோ? ஒன்றரை கப்பா போட்டுடவா? 10 பேர் சாப்பிட வராங்க, பயமா இருக்கு.

பதில்: அரை கப்தான்மா, தயவுசெஞ்சு ஒரு ஸ்பூன் கூட ஏத்தாதீங்க. இந்த சந்தேகம் எனக்கும் வந்துச்சு, முதல் தடவை பண்ணப்போ புத்தகத்தை நம்பாம ஒரு கப் மைதா கூட சேர்த்தேன், வந்தது என்னன்னா வெட்டினா உதிர்ற ஒரு தடிமனான காய்ஞ்ச கேக், குக்கியும் இல்ல பையும் இல்ல. மறுவாரமே புத்தகத்துல இருந்தபடி அப்படியே பண்ணேன், அப்பதான் விஷயம் புரிஞ்சுது.

கிராம் கணக்குல பாருங்க. குக்கியில ரெண்டேகால் கப் மைதான்னா கிட்டத்தட்ட 280 கிராம், அதுக்கு வெண்ணெய் 1 கப், அதாவது 225 கிராம். மைதாதான் அதிகம். உங்க பையில மைதா 60 கிராம், வெண்ணெய் 170 கிராம், கிட்டத்தட்ட மூணு மடங்கு வெண்ணெய். ஏன் இப்படின்னா, குக்கி டிரேல தனியா உக்காரணும், பரவி ஓடாம தன்னைத்தானே தாங்கணும், அதுக்கு மாவு வேணும். பைக்கு அந்தக் கவலை இல்ல, சுத்தி க்ரஸ்ட் சுவர் மாதிரி நிக்குது. உள்ள இருக்கிறதைப் பிடிச்சு வெக்கிறது முட்டையும் சர்க்கரையும்தான், மைதா சும்மா கைகொடுக்குது அவ்வளவுதான். அதனாலதான் மேல பிரவுனிக்கு வர்ற மாதிரி மெல்லிசா மொறுமொறுன்னு ஒரு தோல், அதுக்குக் கீழ பாதி வெந்த குக்கி மாவு மாதிரி கொழகொழன்னு ஒரு பதம். அந்தப் பதத்துக்காகத்தானே இந்தப் பையையே பண்றோம்.

அந்த மேல் தோல் வரணும்னா முட்டையை முதல்ல தனியா நல்லா அடிக்கணும். கை பீட்டரை வேகமா வெச்சு 3 நிமிஷம், மஞ்சள் நிறம் வெளுத்து நுரை பொங்கி வரணும். அப்புறம்தான் மைதா, சர்க்கரை ரெண்டும், அதுக்கப்புறம் வெண்ணெய். உங்க புத்தகத்துல வெண்ணெய் "மென்மையானது"ன்னு போட்டிருந்தா அது சும்மா எழுதின வார்த்தை இல்ல. விரலால அமுக்கினா குழி விழணும், ஆனா வெண்ணெய் பளபளன்னு மின்னக்கூடாது, மின்ன ஆரம்பிச்சா உருக ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். நேரம் மிச்சம்னு உருக்கி ஊத்தினீங்கன்னா இவ்வளவு வெண்ணெயை அந்தக் கொஞ்சூண்டு மாவு பிடிச்சு வெக்க முடியாம ஓரத்துல எண்ணெயா கசிஞ்சு நிக்கும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். சாக்லேட் சிப் குக்கியே ஒரு சமையல் புத்தகக்காரங்க கொடுத்ததுதான். ரூத் வேக்ஃபீல்டுன்னு ஒரு அம்மா, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல விட்மன்கிற ஊர்ல டோல் ஹவுஸ்னு ஒரு விடுதி நடத்தினாங்க, 1930கள்ல அங்கதான் சாக்லேட்டைத் துண்டு துண்டா வெட்டி குக்கி மாவுல போட்டாங்க. தற்செயலா நடந்துச்சுன்னு ஒரு கதை சுத்துது, நான் அதை நம்பல. அவங்க முறைப்படி படிச்சவங்க, தெரிஞ்சேதான் பண்ணியிருப்பாங்க. ஒரு ரெசிபி புத்தகத்துல ஏறுறதுக்கு முன்னாடி அதுக்குப் பின்னாடி அவ்வளவு உழைப்பு இருக்கு, அதனால நம்ம புத்தி சொல்றதைக் கேக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது அவங்க சொன்னதை அப்படியே செஞ்சு பார்க்கலாமே.

கேள்வி: புத்தகத்துல எல்லாமே கப்ல இருக்கு. என்கிட்ட இருக்கிறது 250 மில்லி கப். ஒரே கப்ல எல்லாத்தையும் அளந்தா கணக்கு சரியாத்தானே வரும்?

பதில்: எல்லாமே கப்ல அளக்கறதா இருந்தா சரி. ஆனா முட்டை கப்ல வராதே, 2 முட்டை 2 முட்டைதான். அமெரிக்க கப் சுமார் 240 மில்லி, உங்க கப்ல கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் ஏறும், முட்டை மட்டும் ஏறாது. அது சின்ன வித்தியாசம்தான், பெருசா கெடுக்காது. உண்மையா கெடுக்கறது மைதாவை அள்ளுற விதம். டப்பாவுக்குள்ள கப்பை விட்டு குத்தி அள்ளினா 1 கப்புல 150 கிராம் வரைக்கும் கூடப் போயிடும், ஸ்பூனால மெதுவா போட்டு மேல கத்தியால வழிச்சா 120, 125 கிராம்தான். பிரவுன் சுகர் இதுக்கு நேர் எதிர், அதை கப்புல நல்லா அமுக்கித்தான் அளக்கணும், கவுத்தா கப் வடிவத்துலயே நிக்கணும். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிட்டா இந்தக் குழப்பமே இல்ல. நான் என் புத்தகத்துல ஒவ்வொரு கப்புக்கும் பக்கத்துல பென்சிலால கிராம் எழுதி வெச்சிருக்கேன், வெண்ணெய்க் கறை படிஞ்ச பக்கத்துல எழுத்து மங்கிப்போனா திரும்ப மேலயே எழுதிக்குவேன்.

கேள்வி: போன வருஷம் இதே மாதிரி பை பண்ணேன் அக்கா. 325 டிகிரி, 55 நிமிஷம்னு இருந்துச்சு, கரெக்டா வெச்சேன். ஓரமெல்லாம் கருகி நடுவுல தண்ணியா ஓடுச்சு. ஓவன் கோளாறா, புத்தகம் கோளாறா?

பதில்: அந்த 325 ஃபாரன்ஹீட். நம்ம ஓவன்ல செல்சியஸ்ல பார்த்தா சுமார் 163, அதாவது 160, 165ல வெக்கணும். நீங்க வழக்கமா கேக்குக்கு வெக்கிற 180லயே விட்டிருந்தா ஓரம் கருகி நடு வேகாம நிக்கிறதுக்கு அதுவே போதும். ஃபேன் ஓடுற ஓவன்னா அதுலயும் இன்னொரு 15, 20 டிகிரி குறைக்கணும். டயல் காட்டுற சூடும் உள்ள இருக்கிற சூடும் ஒண்ணா இருக்கும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது, உள்ள தொங்கவிடுற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி ஒரு நாள் சும்மா சூடு பண்ணிப் பாருங்க, நான் பார்த்தப்போ என் பழைய ஓவன்ல 15 டிகிரி வித்தியாசம்.

நிமிஷக் கணக்கை விட அடையாளத்தைப் பாருங்க. இந்தப் பைக்கு கத்தியை நட்டநடுவுல குத்தக்கூடாது, ஓரத்துக்கும் நடுவுக்கும் பாதி தூரத்துல குத்தணும், வெளிய எடுத்தா ஈர மாவு ஒட்டாம வரணும், சாக்லேட் ஒட்டினா பரவால்ல. நடு கொஞ்சம் மெத்துன்னுதான் இருக்கும், ஆறும்போது இறுகிடும். பயந்துபோய் திரும்ப உள்ள வெச்சு நடுவும் கத்தியில ஒட்டாத அளவுக்கு வேகவிட்டீங்கன்னா கொழகொழப்பு போயிடும். க்ரஸ்ட் ஓரம் சீக்கிரம் சிவந்தா ஃபாயில் துண்டை வளையம் மாதிரி ஓரத்துல மட்டும் மூடிடுங்க. ஓவன் சூடாகும்போதே ஒரு கனமான டிரேயையும் கீழ் தட்டுல வெச்சு சூடு பண்ணிட்டு பைத்தட்டை அது மேல வைங்க, அடி க்ரஸ்ட் நல்லா வெந்து மொறுமொறுன்னு வரும். உங்க தட்டு கண்ணாடியா இருந்து, ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த சில்லுன்னு இருக்கிற தட்டா இருந்தா மட்டும் அந்த சூடான டிரேல வெச்சுடாதீங்க, விரிசல் விட்டுடும்.

கேள்வி: நான் ஜிஞ்சர் குக்கியை நொறுக்கி க்ரஸ்ட் பண்ணி மேல பூசணி கஸ்டர்ட் ஊத்தினேன். ருசி பிரமாதம், ஆனா வெட்டினதும் க்ரஸ்ட் மணல் மாதிரி உதிர்ந்துடுச்சு, கஸ்டர்டும் நடுவுல வெடிச்சிருந்துச்சு. புத்தகத்துல இருந்தபடிதான் பண்ணேன், குக்கி மட்டும் வேற.

பதில்: "குக்கி மட்டும் வேற"ன்னு சொன்னீங்களே, அங்கதான் விஷயம். மொறுமொறு குக்கிதான் மாவா நைசா அரைபடும், சாஃப்ட் குக்கியில ஈரம் இருக்கும், கட்டி கட்டியா நிக்கும். க்ரீம் வெச்ச குக்கின்னா அந்தக் க்ரீம்லயே கொழுப்பு இருக்கு, வெண்ணெயைக் குறைக்கணும். சாதாரண மொறுமொறு ஜிஞ்சர் குக்கின்னா 170 கிராம் தூளுக்கு உருக்கின வெண்ணெய் 75, 80 கிராம் வரைக்கும் வேணும், கையில பிடிச்சு அழுத்தினா கொழுக்கட்டை மாதிரி நிக்கணும், விரலால தட்டினா உடையணும். அப்புறம் அடி தட்டையான டம்ளரால அழுத்துங்க, முக்கியமா அடியும் சுவரும் சேர்ற மூலையில, அங்கதான் எல்லாருக்கும் உதிரும். அழுத்தினதும் 175 டிகிரி செல்சியஸ்ல 8, 10 நிமிஷம் தனியா பேக் பண்ணி ஆறவிடுங்க. சூட்டுல குக்கியில இருக்கிற சர்க்கரை இளகி, ஆறும்போது திரும்ப இறுகி பசை மாதிரி தூளை ஒட்ட வெக்குது. வெறும் வெண்ணெயை நம்பினா வெளிய எடுத்து வெச்ச கொஞ்ச நேரத்துல அது இளகிடும், உதிர்ந்துடும்.

கஸ்டர்ட் வெடிச்சது அதிகமா வெந்ததால. முட்டை அளவுக்கு மீறி சூடானா இறுகி சுருங்கும், அப்படித்தான் நடுவுல கோடு விழுது. தட்டை லேசா ஆட்டினா ஓரம் அசையக்கூடாது, நடுவுல ஒரு கையகல இடம் மட்டும் ஜெல்லி மாதிரி ஆடணும், அப்பவே எடுத்துடுங்க. தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல 80 டிகிரி செல்சியஸ். ஜிஞ்சர்பிரெட் ருசி கூட வேணும்னா வெள்ளை சர்க்கரைக்குப் பதிலா டார்க் பிரவுன் சுகர் போடுங்க, அதுலயே மொலாசஸ், அதாவது சர்க்கரை காய்ச்சும்போது மிஞ்சுற கறுப்புப் பாகு, இருக்கு. சுக்குப் பொடி, பட்டைப் பொடி கொஞ்சம் தாராளமா போகலாம், கிராம்பு மட்டும் கால் டீஸ்பூனைத் தாண்டாதீங்க, அது மத்த எல்லா வாசனையையும் முழுங்கிடும்.

கேள்வி: முட்டை சேர்க்காம அந்த சாக்லேட் சிப் பையைப் பண்ண முடியுமா?

பதில்: அதே பையா வராதுங்க. நான் மேல சொன்ன மாதிரி அது நிக்கறதே முட்டையாலதான். அதுல வேற எதையாவது போட்டு இழுத்துப் பிடிக்கறதை விட, முட்டையே இல்லாத வேற பையைத் தேர்ந்தெடுங்க. முட்டை இல்லாத குக்கித் தூள் க்ரஸ்ட், உள்ள பாலும் சோள மாவும் சாக்லேட்டும் காய்ச்சின புட்டிங், ஃபிரிட்ஜ்ல ஒரு ராத்திரி. சோள மாவு கொதி வந்து 1 நிமிஷம் விடாம கிளறணும், கெட்டியாயிடுச்சுன்னு முன்னாடியே இறக்கிட்டா மறுநாள் தண்ணி விட்டுடும்.

கேள்வி: இனிப்பு அதிகமா தெரியுது, சர்க்கரையைப் பாதியாக்கிடலாமா?

பதில்: முதல் தடவை வேண்டாம். இங்க சர்க்கரை வெறும் இனிப்புக்கு இல்ல, ஈரத்தைப் பிடிச்சு வெச்சு முட்டை கெட்டியா இறுகிடாம பார்த்துக்குது. இனிப்பைக் குறைக்கணும்னா மில்க் சாக்லேட்டை விட்டுட்டு 60, 70 சதவீத டார்க் சாக்லேட்டை வெட்டிப் போடுங்க, வால்நட்டை முன்னாடியே லேசா வறுத்துக்கோங்க, கால் டீஸ்பூன் உப்பு சேருங்க. செஞ்சு சாப்பிட்டுப் பார்த்த பிறகும் தித்திப்பா இருந்தா அடுத்த தடவை வெள்ளை சர்க்கரையில மட்டும் ரெண்டு ஸ்பூன் குறைங்க, என்ன குறைச்சீங்கன்னு தேதி போட்டு ஓரத்துல எழுதி வைங்க.

கேள்வி: விருந்துக்கு முந்தின நாளே பண்ணி வெச்சுடலாமா? வெட்டும்போது எனக்கு எப்பவும் ஒழுங்கா துண்டு வர்றதில்ல அக்கா.

பதில்: முந்தின நாள் பண்றதுதான் நல்லது. ஓவன்ல இருந்து எடுத்து கம்பித் தட்டுல 2 மணி நேரம் ஆறவிட்டு, அப்புறம் ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சுடுங்க, முட்டை சேர்ந்த பையை ராத்திரி முழுக்க வெளிய விடக்கூடாது. உள்ள 3, 4 நாள் நல்லா இருக்கும். சூடா இருக்கும்போதே வெட்டினா யாருக்குமே துண்டு ஒழுங்கா வராதும்மா, அது உங்க கை செய்ற தப்பு இல்ல. ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த பையை நீளமான மெல்லிசு கத்தியால வெட்டுங்க, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை வெந்நீர்ல முக்கி, துணியால துடைச்சு, அப்புறம் அடுத்த வெட்டு. முதல் துண்டை எடுக்கறதுக்கு முன்னாடியே ரெண்டாவது துண்டுக்கும் சேர்த்து கோடு போட்டுடுங்க, அப்ப முதல் துண்டு உடையாம தூக்க வரும். வெட்டின துண்டுகளை 150 டிகிரி செல்சியஸ்ல ஒரு 10 நிமிஷம் காட்டிட்டு பரிமாறுங்க, சாக்லேட் திரும்ப இளகிடும்.