நெருக்கடியிலும் சாகாத கலம்

மதிப்புக்குரிய ஐயா,

வன்னியில் வயல் செய்யும் என் மாமாவின் முன்னங்கையில் மாதக்கணக்காக ஆறாத, ஆனால் வலியே இல்லாத ஒரு புண் இருந்தது. லீஷ்மானியா ஒட்டுண்ணியால் வந்தது என்றார்கள். நெருக்கடிக்குள்ளாகும் கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்று உயர்தரத்தில் படித்தேன். ஒட்டுண்ணி குடியேறிய கலம் மட்டும் ஏன் சாவதில்லை?

மாணவி, சாவகச்சேரி

அன்புள்ள பிள்ளைக்கு,

நீர் படித்தது சரி, ஆனால் அது இரண்டாம் கட்டம். புரதங்கள் சரிவர மடியாமல் கலத்துள் புரதங்கள் மடிக்கப்படும் இடமான அகமுதலுருச் சிறுவலையில் தேங்கும்போது பேர்க், ஐஆர்இ-1, ஏடிஎஃப்-6 என்னும் மூன்று உணரிகள் விழித்துக்கொண்டு, புதிய புரத உற்பத்தியைக் குறைத்தும் மடிப்புக்கு உதவும் புரதங்களைக் கூட்டியும் முதலில் கலத்தை மீட்கவே முயல்கின்றன. நெருக்கடி தணியாமல் நீடித்தால்தான் அதே பாதைகள் கலத்தைச் சாவுக்குத் தள்ளும். ஒட்டுண்ணிக்கு வேண்டியது அந்த முதற்கட்டம்.

தென்னமெரிக்க இனமான லீஷ்மானியா அமசோனென்சிஸில் இது நன்றாகவே ஆராயப்பட்டிருக்கிறது. அது புகுந்த பெருவிழுங்கிக் கலத்தில் (கிருமிகளை விழுங்கி அழிக்கும் நோயெதிர்ப்புக் கலம்) பேர்க் பாதை தூண்டப்பட்டு, ஒட்சியேற்றத் தாக்கத்தைத் தணிக்கும் ஹீம் ஒட்சிசனேசு என்ற நொதியம் மிகுகிறது. ஒட்டுண்ணியைக் கொல்வதற்கென்று கலம் உண்டாக்கும், தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் மூலிகங்களின் வீரியத்தை, கலம் தன்னைக் காப்பதற்குச் செய்த ஏற்பாடே குறைத்துவிடுகிறது. ஐஆர்இ-1 பாதையைச் சேர்ந்த எக்ஸ்பிபி-1 புரதத்தைக் குறைத்துப் பார்த்தபோது ஒட்டுண்ணியின் பெருக்கமும் குறைந்தது. இவ்வளவு நெருக்கமாக ஓர் உயிர் இன்னோர் உயிரின் தற்காப்பைக் கையாள்வதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வாய்ப்புக் கிடைத்தால், புண்ணின் ஓரத்திலிருந்து எடுத்து ஜீம்சாச் சாயமிட்ட வழுக்கி ஒன்றை நுணுக்குக்காட்டியில் பாரும். ஒரே கலத்துள் பத்துப் பதினைந்து சிறு முட்டை வடிவங்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் கருவாக ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு குறுங்கோடு. அத்தனையையும் சுமந்துகொண்டு அந்தக் கலம் முழுதாக இருக்கும். 1903 இல் சென்னையில் மருத்துவர் சார்ல்ஸ் டொனவன் நோயாளிகளின் மண்ணீரலில் கண்டதும் இந்த வடிவங்களையே. இந்தியாவில் காலா அசார் காய்ச்சலைத் தரும், அவர் பெயர் தாங்கிய லீஷ்மானியா டொனவனிதான் இலங்கையில் பெரும்பாலும் தோலில் புண்ணாகத் தோன்றுகிறது. அமசோனென்சிஸின் முடிவுகளை எல்லாம் அப்படியே இதற்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் தான் தங்கியிருக்கும் கலத்தின் இறப்பைத் தள்ளிப்போடுவதை இந்த இனத்திலும் கண்டிருக்கிறார்கள்.

உமது மாமாவுக்குப் புண்ணிலேயே ஊசி போடுகிறார்கள் என்றால், அது உயிரோடிருக்கும் கலங்களுக்குள் ஒளிந்திருப்பவற்றைத் தேடிச் செல்லும் மருந்து. ஒரு தடவையில் முடியாது. வலிக்கவில்லையே என்று அவர் கிளினிக்கை இடையில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும்.