பரண்ல இருந்து இறங்குன கேம் பெட்டிங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நிண்டெண்டோ கம்பெனியோட பழைய கை கேம் மெஷின் கேம் பாய் பத்தி ரெண்டு வரி எழுதுனதுக்கே இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கல, ஆளாளுக்கு பரண்ல ஏறி தேடியிருக்கீங்கன்னு தெரியுது, ரொம்ப சந்தோஷம். எல்லாத்துக்கும் இடம் பத்தாது, நிறைய பேர் கேட்டதா பாத்து எடுத்திருக்கேன்.

கேள்வி: அண்ணே, எனக்கு வயசு 41. அஞ்சாவது படிக்கும்போது திருவிழா கடையில அப்பா ஒரு பிரிக் கேம் வாங்கிக் கொடுத்தார், மேல "9999 இன் 1"னு போட்டிருக்கும். அப்பா இப்ப இல்ல. வீடு காலி பண்ணும்போது பெட்டிக்கு அடியில கிடைச்சுது. உள்ள பேட்டரி பொங்கி ஒரே பச்சையா இருக்கு. மறுபடி உயிர் வருமா?
*திண்டுக்கல் வாசகர்*

வரும் தம்பி, பெரும்பாலும் வரும். அந்த பெட்டிக்குள்ள கெட்டுப்போறதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு சின்ன சிப்பு, ஒரு எல்சிடி, ஒரு ஸ்பீக்கர், அவ்ளோதான். அவசரப்பட்டு மட்டும் மூடிய பிச்சுடாதீங்க, அந்த பிளாஸ்டிக்குக்கும் முப்பது வயசாச்சு, ஸ்க்ரூ எல்லாம் கழட்டுனப்புறம் நகத்தால மெதுவா நெம்பணும்.

பேட்டரி பொங்குறதுல ரெண்டு ஜாதி இருக்கு, இது தெரியாம எல்லாரும் யூடியூப் பாத்துட்டு வினிகர ஊத்திடுறாங்க. ஆல்கலைன் பேட்டரி ஒழுகுனா வர்றது காரம், அதுக்குத்தான் வினிகரோ எலுமிச்சம்பழச் சாறோ சரி. ஆனா அந்த காலத்துல நம்ம பெட்டிக்கடையில வித்த விலை குறைஞ்ச பென்சில் பேட்டரி முக்கால்வாசி கார்பன் சிங்க் வகை, அதுல ஒழுகுறது அமிலத் தன்மை உள்ளது, அதுக்கு மேல வினிகர் ஊத்துனா என்ன பிரயோஜனம். அதுக்கு ஆப்ப சோடாவ துளி தண்ணியில குழைச்சு, காது குடையுற பட்ஸ்ல தொட்டு தடவி, அஞ்சு நிமிஷம் விட்டு ஈரத்துணியால துடைங்க. பேட்டரி மேல என்ன எழுதியிருக்குன்னு முதல்ல படிச்சுட்டு அப்புறம் எதைத் தடவுறதுன்னு முடிவு பண்ணுங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் கடைசியா ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல ஒரு தடவ துடைச்சு ஒரு ராத்திரி காய விடணும், கையில கிளவுஸ் போட்டுக்கணும். ஸ்ப்ரிங் துருப்பிடிச்சு தின்னுருந்தா உடைஞ்ச டிவி ரிமோட்ல இருந்து ஒண்ண எடுத்து சால்டர் பண்ணிக்கலாம்.

ஆன் ஆனதும் ஸ்க்ரீன்ல சில கட்டம் தெரியலைன்னா பயப்படாதீங்க. எல்சிடி கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவுல பெரும்பாலும் ஒரு ரப்பர் பட்டை இருக்கும், கரண்ட் அது வழியாத்தான் கண்ணாடிக்குப் போகுது, அதை ஆல்கஹால்ல துடைச்சு திரும்ப அழுத்தி வெச்சா முக்கால்வாசி சரியாயிடும். பட்டன் அடியில இருக்குற கருப்பு கார்பன மட்டும் அழுத்தித் தேய்க்காதீங்க, போயிடுச்சுன்னா அப்புறம் அந்த பட்டன் வேலை செய்யாது.

இன்னொண்ணு, அந்த 9999 கேம்ல உண்மையா வேற வேற கேம்னு பாத்தா கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அதே கேமை வேகமும் லெவலும் மாத்தி மாத்தி எண்ணுன கணக்கு. நாம எல்லாரும் ஆடுனது என்னவோ முதல் கேமைத்தான், நீளக் கட்டை எப்ப வரும்னு ஓரத்துல ஒரு சந்து விட்டுட்டு காத்துக்கிட்டு இருந்தோமே, அது 1984-ல மாஸ்கோவுல அலெக்ஸி பஜித்னோவ் சோவியத் அறிவியல் அகாடமி கம்ப்யூட்டர் மையத்துல எழுதுன டெட்ரிஸ். உங்கப்பா திருவிழா கடையில வாங்கிக் கொடுத்தது அதைத்தான். சரியானதும் ஒரு வரி எழுதிப் போடுங்க தம்பி.

கேள்வி: சார், கேம் பாய்ல கலர் கிடையாது, லைட் கிடையாது. அதே காலத்துலயே கலர் மெஷின் வந்துடுச்சுன்னு படிச்சேன். அப்புறம் எப்படி இது ஜெயிச்சுது? வெறும் பழைய நினைப்புல பெருசா பேசுறாங்களா?
*கல்லூரி மாணவி, திருநெல்வேலி*

நல்ல கேள்விம்மா, இதுக்கு விரிவாவே சொல்றேன் ஏன்னா இந்த பொழுதுபோக்கோட உயிரே இங்கதான் இருக்கு.

கேம் பாய் 1989 ஏப்ரல்ல ஜப்பான்ல வந்துச்சு. அதே வருஷம் அட்டாரி லின்க்ஸ் வந்துச்சு, கலர் ஸ்க்ரீன், பின்னாடி லைட்டு. அடுத்த வருஷம் சேகா கேம் கியர், அதுவும் கலர். கேம் பாய்ல 160க்கு 144 புள்ளி, பாசி நிறத்துல நாலே நாலு ஷேடு. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா எவனும் கேம் பாய எடுக்க மாட்டான். ஆனா கேம் கியருக்கு ஆறு பென்சில் பேட்டரி போடணும், போட்டா மூணு மணி நேரம், மிஞ்சிப்போனா அஞ்சு மணி நேரம். லின்க்ஸ் கதையும் கிட்டத்தட்ட அதேதான். கேம் பாய்க்கு நாலு பேட்டரி, கிட்டத்தட்ட 15 மணி நேரம் ஓடும். பேட்டரிக்கு வீட்டுல காசு கேட்டு நிக்குற பிள்ளைக்கு எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க.

இது தற்செயலா நடந்தது இல்ல. இதை உருவாக்குன டீமுக்கு தலைவர் குன்பெய் யோகோய். 1965-ல நிண்டெண்டோவுல சேரும்போது அது சீட்டுக்கட்டு கம்பெனி, இவர் வேலை சீட்டு தயாரிக்கிற மெஷின்கள பராமரிக்கிறது. அங்க இருந்து பொம்மை செய்யப் போயி, 1980-ல கேம் அண்ட் வாட்ச்னு குட்டி குட்டி எல்சிடி கேம், அதுல 1982-ல வந்த டாங்கி காங்குக்குத்தான் அந்த கூட்டல் குறி மாதிரி பட்டன கொண்டு வந்தாரு, இன்னிக்கு பெரும்பாலான கன்ட்ரோலர்ல இடது கட்டைவிரல் பக்கமா அது இருக்கும். அவரோட கொள்கை என்னன்னா, புதுசா வந்தத துரத்தாதே, எல்லாருக்கும் பழகி விலை இறங்கிப்போன தொழில்நுட்பத்தை எடுத்து வேற பக்கமா யோசி. கால்குலேட்டருக்காக மலிவான எல்சிடிய எடுத்து விளையாட்டாக்குனது அந்த யோசனைதான், கேம் பாயும் அதேதான். கலர் வெச்சா பேட்டரி தாங்காது, விலை ஏறும், கனம் கூடும், அப்ப கலர் வேணாம்னு முடிவு பண்ண ஒரு தைரியம் வேணும்மா.

தாங்குற சக்தியும் அப்படி. வளைகுடா போர்ல குண்டு விழுந்து எரிஞ்ச முகாம்ல கிடந்த ஒரு கேம் பாய், முன்பக்க பிளாஸ்டிக்கெல்லாம் உருகி கருகிப்போயும் ஓடுச்சு, அத நியூயார்க் நிண்டெண்டோ கடையில ரொம்ப வருஷம் டெட்ரிஸ் ஓடவிட்டு வெச்சிருந்தாங்க. கேம் பாயும் அதுக்கப்புறம் 1998-ல வந்த கேம் பாய் கலரும் சேத்து 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல வித்துருக்கு. பழைய நினைப்பு மட்டும்னா உங்க வயசுப் பிள்ளைங்க இன்னிக்கு அத தேடி வாங்க மாட்டாங்களே.

கேள்வி: சின்ன வயசுல கேம் பாய்ல ஆடுன போக்கிமான் கோல்டு கேசட் அப்படியே இருக்கு, போட்டா ஓடுது, ஆனா சேவ் நிக்க மாட்டேங்குது. கேசட் போச்சா?
*வாசகி, சிங்கப்பூர்*

கேசட் நல்லா இருக்கு, உள்ள இருக்குற காசு பேட்டரிதான் போச்சு. அந்த கால கேசட்ல சேவ் ஒரு சின்ன மெமரியில இருக்கும், கரண்ட் நின்னா அழிஞ்சுடும், அதனால ஒரு வட்ட பேட்டரிய உள்ளயே சால்டர் பண்ணி வெச்சிருப்பாங்க. கோல்டு, சில்வர்ல கடிகாரமும் ஓடுது, ராத்திரி பகல் வருதுல்ல கேம்ல, அது ராப்பகலா பேட்டரிய குடிக்கும், அதனாலதான் முன்னாடி வந்த ரெட், ப்ளூவ விட இது சீக்கிரம் காலியாகுது. உங்க கேசட்டுக்கு சிஆர் 2025 பேட்டரி, சால்டர் பண்ண தகட்டுக் காலு வெச்சதா கேட்டு வாங்குங்க, சும்மா செல்லோ டேப் போட்டு ஒட்டுனா ஆடி ஆடி ஒரு நாள் சேவ் போயிடும். தெறக்க இந்த மாதிரி கேசட் ஸ்க்ரூவுக்குன்னே இருக்குற 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் ஸ்க்ரூ டிரைவர் வேணும். சால்டரிங் பழக்கம் இல்லைன்னா செல்போன் ரிப்பேர் கடையில கொடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

மத்தவங்களுக்கும் இத சொல்லிடுறேன், உங்க சேவ் இன்னும் உயிரோட இருந்தா பேட்டரிய கழட்டுறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்துடுங்க, அதுக்குன்னே கேசட் சொருகுற ரீடர் கிடைக்குது. கழட்டுன உடனே பழைய சேவ் போயிடும், இருபது வருஷமா வெச்சிருந்த போக்கிமானெல்லாம் திரும்ப வராது.

கேள்வி: வீட்டுக்காரருக்கு வயசு 45. ஆன்லைன்ல ஒரு சின்ன கேம் மெஷின் வாங்கிட்டு ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் ஆடுறார். கேட்டா "நீ சீரியல் பாக்குறல்ல"ங்குறார். இது என்னங்க பழக்கம்?
*வாசகி, ஈரோடு*

உங்க கோவம் நியாயம்தாம்மா, பன்னெண்டு மணி வரைக்கும்னா அது கூடுதல்தான், அத அவர்கிட்ட நேரடியா சொல்லுங்க. ஆனா ஒரு விஷயம் கவனிங்க. போன்ல வர்ற கேம் மாதிரி இது வா வான்னு நோட்டிஃபிகேஷன் அனுப்பி கூப்பிடாது, விளம்பரம் கிடையாது, காசு கட்டுன்னு கேக்காது. ஸ்லீப் பட்டன அழுத்தி வெச்சா நாளைக்கு அதே இடத்துல நிக்கும். அதனால நேரம் வெச்சுக்குறது இதுல சுலபம், பத்தரைக்கு மூடணும்னா பத்தரைக்கு மூட முடியும்.

ஒரு தடவ பக்கத்துல உக்காந்து என்ன ஆடுறீங்கன்னு கேளுங்க. அநேகமா அவர் ஸ்கூல் லீவுல பக்கத்து வீட்டு டிவியில ஆடுன கேமாத்தான் இருக்கும், யாரு வீடு, யாரு முதல்ல செத்தா யாருகிட்ட ரிமோட் போகும்னு கதை கதையா வரும். சில மாடல டிவியில மாட்டலாம், இன்னொரு கன்ட்ரோலர் சேத்து ரெண்டு பேரா ஆடலாம். எங்க வீட்டுல இப்ப டெட்ரிஸ்ல நான்தான் தோக்குறேன், என் மனைவி கையில நீளக் கட்டை வீணாகி நான் பாத்ததே இல்ல.

கேள்வி: மியூ மினி பிளஸ், ஆன்பெர்னிக் ஆர்ஜி 35 எக்ஸ்எக்ஸ், எத வாங்கலாம்? 10,000 கேமோட வருதாமே?
*கோவை, மதுரை, புதுச்சேரி, இன்னும் பல ஊர் வாசகர்கள்*

ரெண்டும் பழைய கேம்கள ஓட்டுற புது காலத்து கை மெஷின், ரெண்டும் நல்லதுதான், ரெண்டுக்கும் மூன்றரை இன்ச், 640க்கு 480 ஸ்க்ரீன், கேம் பாய்ல இருந்து முதல் பிளேஸ்டேஷன் வரைக்கும் தாராளமா ஓடும். கை பெருசா இருக்குறவங்க கடன் வாங்கியாவது ஒரு தடவ பிடிச்சுப் பாத்துட்டு வாங்குங்க, வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா கஸ்டம்ஸ் வரியும் சேத்து கணக்கு போடுங்க. கூட வர்ற எஸ்டி கார்டு சீக்கிரம் கெட்டுப்போற ரகம், முதல் வேலையா நல்ல கார்டு ஒண்ணு வாங்கி அதுல எல்லாத்தையும் மாத்திடுங்க.

அந்த 10,000 கேம் பத்தி வெளிப்படையா சொல்லிடுறேன். அது காப்பிரைட் உள்ள கேம்கள அனுமதி இல்லாம அடைச்சு விக்கிறது, அத வாங்குங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அதவிட எனக்கு பெரிய வருத்தம், அந்த லிஸ்ட்தான் நிறைய பேருக்கு இந்த ஆசையையே கொன்னுடுது. ஒரு கேம திறந்து ரெண்டு நிமிஷம், அடுத்தது ரெண்டு நிமிஷம், ஒரு வாரத்துல சலிச்சு டிராயர்ல போயிடும். சின்ன வயசுல ஒரே கேசட்ட கோடை லீவு பூரா ஆடுனோம், ஏன்னா வேற இல்ல, அதனாலதான் அதோட ஒவ்வொரு மூலையும் இன்னிக்கும் கட்டைவிரலுக்கு தெரியுது. கார்டுல அஞ்சு கேம் மட்டும் வைங்க. ஒண்ண முடிச்சாத்தான் அடுத்தது. கேம் பாய்க்கு இன்னிக்கும் புதுசா கேம் எழுதுறவங்க இருக்காங்க, ஜிபி ஸ்டுடியோன்னு இலவச மென்பொருள்ல புரோகிராமிங் தெரியாதவங்களே பண்றாங்க, அதுல பல கேம் இலவசமாவோ கம்மி விலைக்கோ எழுதுனவங்ககிட்ட இருந்தே நேரா கிடைக்குது, அங்க இருந்து ஆரம்பிங்க.

ஒரிஜினல் கேசட் வாங்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. நானே ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட கேம் பாய்க்கு அப்புறம் வந்த கேம் பாய் அட்வான்ஸ் மெஷினோட கேசட் ஒண்ணு வாங்கி, பாதி கேம் தாண்டுனப்புறம் சேவ் காணாம போயி, திறந்து பாத்தா டூப்ளிகேட். கேம் பாய் அட்வான்ஸ் கேசட்ல கீழ தங்கக் கலர் காண்டாக்டுக்கு மேல போர்டுலயே நிண்டெண்டோன்னு அச்சடிச்சிருக்கும், வெளிய இருந்தே பாக்கலாம், அந்த போட்டோ அனுப்ப மாட்டேன்னு சொல்றவர்கிட்ட வாங்காதீங்க.

கேள்வி: மச்சான் துபாய்ல இருந்து கொண்டு வந்த பிஎஸ்பி, சோனியோட கை கேம் மெஷின், 2008-ல வந்தது. எடுத்துப் பாத்தா பின்மூடி தூக்கிக்கிட்டு நிக்குது.
*வாசகர், ராமநாதபுரம்*

சார், உடனே சார்ஜ்ல போடாதீங்க. லித்தியம் பேட்டரி உப்பியிருக்கு, பழைய பிஎஸ்பியில இது சகஜம். மெதுவா வெளிய எடுங்க, குத்தாதீங்க, அமுக்கித் திரும்ப உள்ள தள்ளாதீங்க, குப்பைத்தொட்டியில போடாதீங்க, எலக்ட்ரானிக் கழிவு வாங்குற இடத்துல கொடுத்துடுங்க. மெஷின் அநேகமா நல்லா இருக்கும், பேட்டரி இல்லாம சார்ஜர்லயே பிஎஸ்பி ஓடும், போட்டுப் பாத்துட்டு அப்புறம் புது பேட்டரி வாங்குங்க. இனிமே எடுத்து வெக்கும்போது பாதி சார்ஜ்ல, தனியா கழட்டி வைங்க.

கேள்வி: உங்ககிட்ட ஒரே ஒரு மெஷின்தான் இருக்கணும்னா எது?
*வாசகர், காரைக்குடி*

கப்பல்ல வேலை பாத்த சித்தப்பா கொண்டு வந்த சாம்பல் நிற கேம் பாய். அதுல ஸ்க்ரீன்ல நெட்டுக்குத்தா நாலு கோடு தெரியாம இருந்துச்சு, அந்த மாடல்ல இது வயசானா வர்ற நோவு, ஸ்க்ரீனுக்கு கீழ ஒட்டியிருக்குற ரிப்பன் விட்டுப்போறதால. சால்டரிங் அயர்ன சூடா அது மேல மெதுவா தேய்ச்சா திரும்ப ஒட்டிக்கும், மூணு கோடு வந்துடுச்சு. நாலாவதுக்கு இன்னும் கொஞ்சம் சூடு வெக்கலாம்தான், வந்த மூணும் போயிடுமோன்னு கை வர மாட்டேங்குது. அதுல லைட் இல்லல்ல, அதனால சாயங்காலம் நாலரை மணிக்கு மொட்டைமாடி படியில உக்காந்து, வெயில் சரியா தோள் பக்கமா விழுற மாதிரி திரும்பிக்கிட்டு ஆடுவேன். ஆறு மணிக்கு மேல ஸ்க்ரீன் தெரியாது, எந்திரிச்சு கீழ வந்துடுவேன்.