ஊர் நர்ஸம்மாவுக்கு எப்படி விடை கொடுப்பது?

கேள்வி: எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியர் இந்த மாதக் கடைசியில் பணி நிறைவு பெறுகிறார். 1993-இல் வேலைக்குச் சேர்ந்தவர். கடைசி 19 ஆண்டுகள் எங்கள் ஊரில்தான். என் இரண்டு பிள்ளைகளையும் கருவுற்ற நாள் முதல் கவனித்துக்கொண்டவர் அவர். மகளிர் குழு சார்பில் வீட்டுக்கு 200 ரூபாய் வசூலித்து, தங்கச் சங்கிலி அணிவித்து, பிரமுகர்களை அழைத்துப் பெரிய விழா எடுக்க நினைக்கிறோம். அவரோ, "எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா" என்று விலகிப் போகிறார். வற்புறுத்தலாமா, விட்டுவிடலாமா?
— வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, விட்டுவிடாதீர்கள். ஆனால், அவர் எதை வேண்டாம் என்கிறார் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். அதைத் தன்னடக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973, ஊழியர் பொதுமக்களிடமிருந்து பரிசுப் பொருள் பெறுவதைக் கட்டுப்படுத்துகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு புகாரும் இல்லாமல் வேலை பார்த்தவரின் கழுத்தில் கடைசி நாளன்று, ஊர் முன்னிலையில், வசூல் பணத்தில் வாங்கிய தங்கத்தை மாட்டினால் அவருக்கு மகிழ்ச்சியை விடச் சங்கடமே மிஞ்சும். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பதும் சரியல்ல. அந்த 200 ரூபாய் இல்லாத வீட்டுக்குத்தான் அவர் அதிகமுறை நடந்திருப்பார். ஆகவே சங்கிலியை மறந்துவிடுங்கள், விழாவை வையுங்கள்.

அந்த விழாவில் என்ன பேசப்படும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தின் பணி நிறைவு விழாவுக்குச் சென்றிருந்தேன். பேசிய ஆறு பேரும் விடைபெறுபவரை "தன்னலமற்ற தியாகி", "பண்பின் சிகரம்" என்று வாழ்த்தினார்கள். அவர் அத்தனை வருடம் எந்த வேலையைச் செய்தார் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. மேடையில் மடி நிறையச் சால்வைகளோடு அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் என் மனதை உறுத்துகிறது.

உங்கள் செவிலியருக்கு அந்த நிலை வரக் கூடாது. பாராட்டு மடல் ஒன்று தயாரியுங்கள். அதில் அடைமொழிகளைக் குறைத்து, அவர் செய்த வேலையை எழுதுங்கள். அவர் பணிக்கு வந்தபோது கிராமங்களில் வீட்டுப் பிரசவம் சாதாரணம். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008-இல்தான். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இடையில் நிகழ்ந்த இந்த மாற்றத்துக்கு மருத்துவர்களும் திட்டங்களும் காரணம் என்றாலும், மாமியாரிடம் பேசி, கணவனிடம் பேசி, இரத்தச் சோகையுள்ள பெண்ணை மாத்திரை விழுங்க வைத்து, நாள் தவறாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைத்தவர்கள் அவரைப் போன்ற செவிலியர்கள்தான். போலியோவையும் எழுதுங்கள். 1995-இல் நாடு முழுவதும் சொட்டு மருந்து இயக்கம் தொடங்கியபோது அவர் பணிக்கு வந்து இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தோளில் ஐஸ் பெட்டியோடு வீடு வீடாகப் போய், சொட்டு போட்ட குழந்தையின் இடது கைச் சுண்டுவிரலில் மை வைத்துவிட்டு, விடுபட்ட குழந்தையைத் தேடி மறுநாளும் போன இலட்சக்கணக்கானோரில் அவரும் ஒருவர். இந்தியாவின் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. 2014 மார்ச்சில் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாததாகச் சான்றளிக்கப்பட்டது. அந்தச் சான்றிதழில் அவர் பெயர் இருக்காது. உங்கள் மடலில் இருக்கட்டும்.

பேசுபவர்கள் யார் என்பதையும் யோசியுங்கள். பிரமுகர் வந்தால் நேரமெல்லாம் அவரை வரவேற்பதிலேயே போய்விடும். அதைவிட, செவிலியர் கையில் முதல் தடுப்பூசி போட்டுக்கொண்டு இன்று கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணை, முதல் பிரசவத்துக்குப் பயந்து அழுத ஒரு தாயை, கூடவே அலைந்த அங்கன்வாடிப் பணியாளரை ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். இரவு பகல் பாராமல் அவரை அனுப்பி வைத்த அவர் வீட்டாரை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கிராமச் செவிலியருக்கு ஊரின் இரகசியம் பாதி தெரியும்: எந்த வீட்டில் எந்தக் கரு கலைந்தது, யார் கருத்தடை செய்துகொண்டார், எந்தப் பெண் அடி வாங்கினாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், அவர் யாரிடமும் சொன்னதில்லை. நன்றிப் பெருக்கில் மேடையில் யாரும் அடுத்தவர் கதையை எடுத்துவிடக் கூடாது. பேசுபவர்களிடம் அவரவர் அனுபவத்தை மட்டும் பேசும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவரால் காப்பாற்ற முடியாமல் போன உயிரும் ஒன்றிரண்டு இருக்கக்கூடும். அவர் கூட்டத்தைத் தவிர்ப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஏற்புரை பேசச் சொல்லி நெருக்காதீர்கள்.

மனமுவந்து சிலர் கொடுக்கும் பணம் இருந்தால், வட்டார மருத்துவ அலுவலரிடம் கேட்டு, துணை சுகாதார நிலைய வாசலில் கர்ப்பிணிகள் உட்காரச் சாய்மானமுள்ள நல்ல பெஞ்ச் ஒன்று வாங்கிப் போடலாம். அவரிடம், "உங்களுக்கு ஒன்றும் தரப்போவதில்லை, நாங்கள் சொல்வதைக் கேட்க மட்டும் வாருங்கள்" என்று நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். வருவார் என்றே நம்புகிறேன். அவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகு, அடுத்த மாத முதல் வாரத்தில் நாள் குறியுங்கள். புதன்கிழமை மட்டும் வேண்டாம். அது தடுப்பூசி நாள், அவருடைய சக செவிலியர்களால் வர முடியாது.