கேள்வி – பதில்: கட்டணம் ஏறுகிறது, பிள்ளைகள் வீதிக்கு இறங்குகிறார்கள்

மகள் கம்பஸில் முதலாம் வருடம். இலவசக் கல்வி என்றுதானே அனுப்பினோம்? இப்போது கட்டண உயர்வு, நிதிக் குறைப்பு என்று போராட்டம் என்கிறாள். எந்தக் கட்டணம் ஏறுகிறது?
– ஒரு தாய், மஸ்கெலியா

அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரியாக முதல் பட்டம் படிக்கும் பிள்ளையிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. அது மாறவில்லை, அம்மா. ஏறக்கூடியவை மற்றவை: பதிவுக் கட்டணம், விடுதிக் கட்டணம், மீண்டும் எழுதும் பரீட்சைக்கான கட்டணம். வெளிவாரிப் பட்டத்துக்கும் பட்டப்பின் படிப்புக்கும் எப்போதுமே காசுதான்.

திறைசேரி பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வகையாகப் பணம் ஒதுக்குகிறது. ஒன்று அன்றாடச் செலவுக்கு, மற்றது கட்டடம், உபகரணம் போன்ற மூலதனச் செலவுக்கு. அன்றாடச் செலவில் பெரும்பகுதி சம்பளம். அதில் கைவைக்க முடியாது. ஆகவே குறைப்பு வந்தால் ஆய்வுகூட இரசாயனம், நூலகம், களப்பயணம், விடுதியின் குழாய் திருத்தம் என்று எஞ்சியவற்றின் தலையில் விழுகிறது. மூலதனப் பணம் சுருங்கினால் கட்டிக்கொண்டிருக்கும் விடுதி பாதியில் நிற்கும்.

மலையகப் பிள்ளைக்குப் பெரிய அடி அங்கேதான். விடுதியில் இடமில்லாவிட்டால் வெளியில் அறை எடுக்க வேண்டும். 2024 இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தச் சம்பளத்தில், மாத வாடகை 8,100 ரூபாய் என்று வைத்தாலும் ஆறு நாள் பேர், அதாவது ஆறு நாள் சம்பளம், அதற்கே போய்விடும், சேமலாப நிதிக் கழிவைச் சேர்க்காமலே. பிள்ளைகள் கேட்பது நியாயம் என்றே நினைக்கிறோம்.

“காசு இல்லை” என்கிறது நிர்வாகம். அது உண்மையா என்று மாணவர்கள் எப்படி அறிவது?
– மாணவர், ஹட்டன்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பல்கலைக்கழகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. “நிதி விபரம் தருக” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கடந்த மூன்று வருடங்களுக்கும் வருடவாரியாக நான்கு தொகைகளைக் கேளுங்கள்: ஒதுக்கப்பட்டது, திறைசேரியிலிருந்து உண்மையில் கைக்கு வந்தது, விடுதிப் பராமரிப்புக்குச் செலவானது, விடுதிக் கட்டணமாக வசூலானது. முதல் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் பலர் கேட்க மறக்கிறார்கள். வரவு செலவுத் திட்டத்தில் எழுதிய தொகை முழுதாக வந்து சேரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கடிதம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டைக் கட்டாயம் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் நாட்கணக்கை நிரூபிக்க முடியாது.

ஊர்வலம் போகப் பொலிஸ் அனுமதி வேண்டுமா? எங்கே சிக்கல் வரும்?
– மாணவர் ஒன்றிய உறுப்பினர், பதுளை

பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77 ஆம் பிரிவு கேட்பது அனுமதியை அல்ல, அறிவித்தலை. ஊர்வலம் தொடங்கக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன், தொடங்கும் இடத்துக்குக் கிட்டிய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் கொடுக்க வேண்டும். நாள், நேரம், பாதை, நோக்கம் எல்லாம் எழுதி, பிரதியில் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி வேறு விடயம், அதற்கு அனுமதிப்பத்திரம் தேவை. நீதவான் தடையுத்தரவு ஏதும் வந்தால் எந்த வீதி, எந்த நாள், யாருக்கு என்று ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். அதை மீறினால் பிறகு வாதாடுவது கடினம்.

அமைதியாகக் கூடும் உரிமை அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரையில் இருக்கிறது. ஆனால் நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்து இருந்துகொள்வதும், அதிகாரியை வெளியே விடாமல் மறிப்பதும் வேறு. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தைப் பலர் பகிடிவதைச் சட்டம் என்று மட்டுமே அறிவார்கள். கல்வி நிறுவனச் சொத்தைப் பலவந்தமாகப் பிடித்து வைப்பதும் ஆட்களை அடைத்து வைப்பதும் அதே சட்டத்தில் குற்றம். நல்ல கோரிக்கையோடு போன பிள்ளை வழக்கோடு திரும்புவது இந்த இடத்தில்தான். வாசலுக்கு வெளியே, வழிவிட்டு உட்காருங்கள்.

உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது.

தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தப் போராட்டம் எதற்கு? மஹாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் போதாதா?
– ஒரு தந்தை, பொகவந்தலாவை

1945 இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் துரைமார் கையிலேயே கிடந்தன. அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். அரசு ஒதுங்கி நின்றால் என்ன நடக்கும் என்று நம்மை விட அனுபவித்தவர்கள் யார்? 2012 இல் விரிவுரையாளர்கள் மூன்று மாதமளவில் வேலைநிறுத்தம் செய்து, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கேட்டதும் இதற்காகத்தான்.

மஹாபொல 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதத்துக்கு 5,000 இலிருந்து 7,500 ரூபாயாகக் கூடியது. பர்சரி எனும் மற்ற நிதியுதவி 4,000 இலிருந்து 6,500. மேலே சொன்ன வாடகையைக் கழித்துப் பாருங்கள். விண்ணப்பிக்கும்போது பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சிங்களத்தில் பதிந்த பெயர் ஆங்கிலத்துக்குப் போகும்போது மாறியிருக்கலாம். சம்பளச் சீட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, வருமானச் சான்றுக்குக் கிராம உத்தியோகத்தரிடம் கடைசி வாரம் வரை காத்திராமல் போங்கள்.