எந்தச் சாமி நிஜம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு ஒன்பது வயது. போன வாரம் பள்ளிவிட்டு வந்ததும், "நம் சாமி நிஜமா, என் தோழியின் சாமி நிஜமா?" என்று கேட்டாள். "எல்லாம் ஒன்றுதான்" என்றேன். "ஒன்றுதான் என்றால் அவர்கள் ஏன் வேறு மாதிரி கும்பிடுகிறார்கள்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, என் கணவருக்கு இல்லை. "பெரியவளானதும் அவளே தெரிந்துகொள்ளட்டும்" என்பது அவர் கட்சி. இந்த வயதில் எல்லா மதங்களையும் சொல்லிக்கொடுத்தால் குழந்தை குழம்பிவிடாதா? சொல்வதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகள் கேட்ட இரண்டாவது கேள்வி அருமையானது. "எல்லாம் ஒன்றுதான்" என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். யாரையும் தாழ்வாக நினைத்துவிடக் கூடாதே என்ற கவலை அதில் இருக்கிறது. ஆனால் அது உண்மையில்லை, அவளும் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

இயேசுவையே எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர்களுக்கு அவர் தேவகுமாரன். இஸ்லாமியர்களுக்கு அவர் ஈசா நபி. பெருமதிப்புக்குரிய இறைத்தூதர், ஆனால் கடவுளின் மகன் அல்லர். அவருடைய தாயின் பெயரில் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது, 19ஆவதான 'மர்யம்'. இயேசு பிறந்த யூத மரபோ, மீட்பர் இனிமேல்தான் வரவேண்டும் என்கிறது. பௌத்தத்திலும் சமணத்திலும் உலகைப் படைத்த கடவுள் என்ற எண்ணத்துக்கே இடமில்லை. இவ்வளவையும் 'ஒன்றுதான்' என்று சொல்லிவிட்டால், ஒருவர் உயிராக மதிப்பதை நாம் காது கொடுத்துக் கேட்கவே இல்லை என்றுதான் பொருள்.

வேறுபாடுகளைக் கேட்டுக் குழந்தைகள் குழம்புவதில்லை. "எல்லாம் ஒன்று" என்று சொல்லும் அதே வீட்டில், வேறு மதத்தவரைப் பற்றிப் பேச்சு வரும்போது பெரியவர்களின் குரல் தாழ்ந்துபோகிறதே, அதுதான் அவர்களைக் குழப்புகிறது. உங்கள் கணவர் சொல்வதுபோல் காத்திருக்கலாம். ஆனால் நாம் காத்திருக்கும்போது உலகம் காத்திருப்பதில்லை. வகுப்பில் ஒரு கேலி, கைபேசியில் ஒரு காணொளி என்று யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

எங்கிருந்து தொடங்குவது? நிறுவியவர் பெயர், பிறந்த ஆண்டு, கொள்கைகள் என்று பாடப்புத்தகம் போலத் தொடங்காதீர்கள். கையில் தொட்டுப் பார்க்கக்கூடியதாக, கண்ணில் நிற்பதாக ஒரு பொருளைக் காட்டுங்கள். நான் என் மகனுக்குப் புத்தகங்களைக் காட்டினேன்.

யூதர்களின் புனித நூலான தோரா, தொழுகைக் கூடத்தில் தோல் சுருளாக இருக்கும். 3,04,805 எழுத்துகள், அத்தனையும் கையால் எழுதப்பட்டவை. ஓர் எழுத்து அழிந்துபோனாலும் அதைச் சரிசெய்யும்வரை அந்தச் சுருளைச் சபையில் வாசிக்கக் கூடாது. வாசிப்பவர் எழுத்தின்மேல் விரல் வைக்கமாட்டார். நுனியில் சின்னஞ்சிறு கை செதுக்கிய ஒரு கோல் இருக்கும். அந்தக் கையின் நீட்டிய ஆட்காட்டி விரல்தான் வரியைத் தொடர்ந்து செல்லும். படத்தைப் பார்த்த என் மகன், "தப்பாகப் படித்துவிட்டால்?" என்று கேட்டான். பக்கத்தில் நிற்பவர் உடனே திருத்துவார், வாசிப்பவர் அந்தச் சொல்லைத் திரும்ப வாசிப்பார் என்றேன். அவனுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிப்பை இரவில் மரியாதையோடு எடுத்துச்சென்று, அதற்கென்று உள்ள இடத்தில் துயிலவைப்பார்கள். காலையில் மீண்டும் கொண்டுவந்து திறப்பார்கள். 1708 முதல் அவர்களுக்கு அந்த நூல்தான் குரு. அதன் 1,430 பக்கங்களுக்குள் பக்திக் கவிஞர் கபீரின் பாடல்களும் இஸ்லாமிய சூஃபி ஞானி ஃபரீதின் பாடல்களும் இருக்கின்றன. குர்ஆனின் 114 அத்தியாயங்களையும் மனப்பாடமாக ஓதும் சிறுவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இந்து மரபில் வேதத்தை ஒரு சொல்கூடப் பிசகாமல் காக்க, சொற்களை முன்னும் பின்னுமாக மாற்றிமாற்றி ஓதும் முறைகளையே வகுத்திருக்கிறார்கள். புத்தரின் உரைகளும் ஏட்டில் ஏறுவதற்கு முன் சில நூற்றாண்டுகள் துறவிகளின் நாவில்தான் இருந்தன.

இவற்றைச் சொன்னபிறகு நான் எந்த விளக்கமும் கொடுக்கவில்லை. "ஏன் இப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டேன். அன்று முழுக்க அவன் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

புத்தகம் சலித்துவிட்டால் நிலவைக் காட்டுங்கள். முதல் பிறை தெரிகிறதா என்று பார்த்து ரமலான் நோன்பு தொடங்குகிறது. வைகாசிப் பௌர்ணமியைப் பௌத்தர்கள் புத்தரின் நாளாகக் கொண்டாடுகிறார்கள். வசந்தகாலத்து முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். ஒரு வருடம் அவளையே குறித்துவரச் சொல்லலாம்.

பேசும்போது ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். நம்முடையதை "நடந்தது" என்றும், மற்றவருடையதை "நடந்ததாம்" என்றும் சொல்லும் பழக்கம் நம்மை அறியாமலே நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு 'ஆம்' போதும், மேல் கீழ் எல்லாம் குழந்தைக்கு விளங்கிவிடும். "இப்படி நாங்கள் நம்புகிறோம்", "இப்படி அவர்கள் நம்புகிறார்கள்" என்று இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தைக் கொடுங்கள். அதேபோல, நம் மதத்தின் உயர்ந்த வரியையும் இன்னொரு மதத்தவர் செய்த கொடுமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். மதத்தின் பெயரால் ரத்தம் சிந்தியதைப் பற்றி அவள் கேட்பாள். மறைக்காதீர்கள். நம்மவர் செய்ததையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அவளுடைய முதல் கேள்விக்கு வருகிறேன். எந்தச் சாமி நிஜம்? நீங்கள் நம்புவதை நீங்கள் சொல்லுங்கள், ஏன் நம்புகிறீர்கள் என்பதையும். தான் ஏன் நம்பவில்லை என்பதை அவள் அப்பா சொல்லட்டும், அவள் முன்னாலேயே, உங்கள் முன்னாலேயே. கடவுள் இல்லை என்று நினைத்து நேர்மையாக வாழ்பவர்கள் உலகில் ஏராளம். அவர்களைப் பற்றியும் அவள் அறிய வேண்டும், அதை அவள் தன் அப்பாவிடமிருந்தே அறியலாம். இத்தனை ஆண்டுகள் நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் அன்போடு இருக்கிறீர்கள் என்பதை அவள் தினமும் பார்க்கிறாள்.

பிறகு அந்தத் தோழியிடம் அவளை அனுப்புங்கள். "உங்கள் சாமி நிஜமா?" என்று கேட்க வேண்டாம். "நீ கும்பிடும்போது என்ன சொல்லுவாய்?" என்று கேட்கட்டும். அந்தச் சிறுமி சொன்ன பதிலை எனக்கும் எழுதுங்கள்.